தற்செயலாக ஒரு ஐஸ் பெட்டி

போன வாரம் ஒரே கடைக்கு மூன்று தடவை போனேன். ஒரே கடைக்காரர். ஒரே சாமான். மூன்றாம் தடவை படியேறியபோது மனிதர் எழுந்துகூட நிற்கவில்லை. கதிரையில் சாய்ந்தபடியே கேட்டார்:

"இந்தமுற என்ன சேர்... சின்னதாக்கணுமா, பெரிசாக்கணுமா?"

சாமான் என்ன என்கிறீர்களா? ஐஸ் பெட்டி. சோடாப் போத்தல்களை ஐஸ் போட்டு அடுக்கி, பயணம் போகும்போது தூக்கிக்கொண்டு போகிறோமே, அந்தப் பிளாஸ்டிக் பெட்டி.

இதை வாங்க மூன்று தடவையா? சிரிக்காதீர்கள். அந்தப் பெட்டியின் அளவில் ஒரு மனிதனின் கலியாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பத்திரிகைப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். எங்கள் வீட்டில் ஒரு சட்டி உடைந்தாலும் என்ன கிழமை, எந்தப் பெருநாளுக்கு முந்திய வாரம், யார் கையிலிருந்து விழுந்தது என்பதெல்லாம் எனக்கு மறக்காது. (என் மனைவி புவனா இந்த ஞாபகசக்தியைப் பெரிதாக மதிப்பதில்லை. விழுந்தவை பெரும்பாலும் அவள் கையிலிருந்து.) அதே மாதிரி, ஒரு பொருளை வாங்கும் முன் அதைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றையும் வாசித்துவிடுவேன். வாசித்து முடிப்பதற்குள் சில சமயம் தேவையே தீர்ந்துவிடும்.

இந்தத் தடவை தேவை தீரவில்லை. தேவையின் பெயர் சந்திரன்.

சந்திரன், புவனாவின் தம்பி. குண்டசாலையில் கொம்பியூட்டர் திருத்துகிறான். தங்கமான பையன். வயதை எழுத வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறான். எழுதவில்லை. தலையைப் பார்த்தால் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கும் படலத்துக்கு ஒரு நாகரிகமான வழி உண்டு. வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு, பிறகு வேண்டாம் என்றால் பெண் வீட்டாருக்கு அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாது. ஆகவே இரண்டு குடும்பமும் "தற்செயலாக" வெளியில் சந்திக்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே நேரத்தில், ஒரே மரத்தடிக்கு இரண்டு குடும்பமும் காற்று வாங்க வந்து சேரும். "அட, நீங்களா!" பிடித்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால், காற்று வாங்கியதோடு சரி. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

சந்திரனுக்கு இப்படி இரண்டு தற்செயல்கள் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தன.

முதலாவது, வாவிக்கரையில். தற்செயல்தானே என்று வெறுங்கையோடு போனோம். நல்ல வெயில். பெண் வீட்டார் போய்த் தரகரிடம் சொன்னது: "ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கத் தெரியாத குடும்பம்."

இரண்டாவது தடவை புவனா விடவில்லை. பாய், வடை, பட்டிஸ், ரோல்ஸ், கேக், பிளாஸ்க்கில் தேத்தண்ணி, அதற்கு மேல் ஒரு சீப்பு கதலி வாழைப்பழம். பெண்ணின் தாய் அந்தப் பாயைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்காங்க," என்று புருஷன் காதில் சொன்னார். எங்களுக்கும் கேட்டது. கேக் வெட்டும் முன்பே போய்விட்டார்கள்.

இப்போது மூன்றாவது. பெண் பெயர் கோமதி. கலகெதரையில் கணக்கு டீச்சர். அப்பாவுக்கு அங்கேயே புடவைக் கடை. சந்திரனுக்குப் படத்தில் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பிடித்தது என்று அவன் சொல்லவில்லை; படத்தைத் திருப்பித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"அக்கா, அத்தான், ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இதுதான் கடைசி. இதுவும் கெட்டுப் போனா, அதுக்கப்புறம் யாரும் என்னைக் கூட்டிட்டுப் போய் மரத்தடியில நிறுத்தக் கூடாது. நான் பாட்டுக்கு என் கொம்பியூட்டரோட இருந்துக்கிறேன்."

ஒன்றும் கொடுக்காமல் ஒரு கலியாணம் போயிற்று. அதிகம் கொடுத்து இன்னொன்று போயிற்று. நடுவில் ஓர் அளவு இருக்க வேண்டும், இல்லையா? நான் யோசித்தேன்... குளிர்ந்த சோடா! வெயில் நேரத்தில் யாரிடமும் இருக்கக்கூடிய பொருள். மரியாதைக்கு மரியாதை. தற்செயலுக்குத் தற்செயல். வேண்டியதெல்லாம் சரியான அளவில் ஓர் ஐஸ் பெட்டி.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மடவளை ஊர் முஸ்லிம் நானா ஒருவர் பிளாஸ்டிக் கடை வைத்திருக்கிறார். முதல் தடவை போனபோது மிக அன்பாகத்தான் வரவேற்றார்.

"வாங்க சேர். எத்தன பேருக்குப் பெட்டி?"

"நாங்க மூணு பேர் நானா. ஆனா ஏழு பேர் குடிக்கணும்."

"அப்ப ஏழு பேருக்கு எடுங்க."

"இல்ல. பார்த்தா மூணு பேருக்குக் கொண்டு வந்த மாதிரி இருக்கணும்."

நானா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"மத்த நாலு பேருக்கும் தெரியக் கூடாதா?"

"ஆமா. அவங்களுக்குத்தான் தெரியக் கூடாது."

"ஆனா குடிக்கப் போறது அவங்க?"

"ஆமா."

"சேர்... நீங்க செல்றது எனக்கு விளங்கல்ல. எனக்குத் தெரிஞ்சத செல்றன். பெரிசா எடுங்க. ஐஸ் பெட்டி பெரிசாப் போச்சுன்னு யாரும் இதுவரைக்கும் திரும்பி வரல்ல."

பெரிதாக விற்றால் அவருக்கு ஆதாயம். நான் விடுவேனா? வெளியே பார்க்கச் சிறியதாகவும் உள்ளே பெரியதாகவும் ஒரு பெட்டி இருக்குமா என்று தேடினேன். தேடித்தேடி ஓர் உண்மையைக் கண்டுபிடித்தேன். நல்ல ஐஸ் பெட்டிக்குச் சுவர் தடிப்பாக இருக்கும். அதனால் வெளியே பெரிதாகத் தெரியும், உள்ளே இடம் இருக்காது. நமக்குத் தெரிந்த சில மனிதர்களைப் போல. எனக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறு. அப்படி ஒன்றை இன்னும் எந்தத் தேசத்திலும் செய்யவில்லை.

கடைசியில் ஒரு சின்னப் பெட்டியை எடுத்தேன். வெளியில் ஒட்டியிருந்த படத்தில் சோடா டின்கள் வரிசையாக, அழகாக நின்றன. தாராளமாகப் போதும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து, கட்டிலின் மேல் வைத்து ஒத்திகை பார்த்தேன். கிறீம் சோடாப் போத்தலை உள்ளே நிறுத்தினேன். மூடியை மூடினேன். மூடவில்லை. போத்தலின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது.

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் எந்தக் குடும்பம் ஆளுக்கொரு டின் வாங்கிச் சோடா குடிக்கிறது? நாம் பெரிய போத்தல்காரர்கள். ஒரே போத்தலை ஏழு கோப்பைகளில் பிரித்து, ஏழாவது கோப்பைக்கு நுரை மட்டும் போய்ச் சேருகிற குடும்பங்கள். பெட்டி செய்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

புவனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கழுத்த வெட்டிட்டு வைக்கப் போறீங்களா?"

மறுநாள் கொண்டுபோய் மாற்றினேன். நடுத்தர அளவு. இந்தத் தடவை வெற்றுப் போத்தல்களைக் கடைக்கே எடுத்துப் போய், உள்ளே நிறுத்தி, மூடி மூடுகிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். நாலு போத்தல், சிப்பாய்களைப் போல நின்றன. மூடி "டக்" என்று விழுந்தது. வீட்டுக்கு வந்து புவனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு மனிதன் இதைவிடத் துல்லியமாக ஒரு பெட்டி வாங்க முடியுமா?

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் உள்ளே பார்த்தாள்.

"ஐஸ் எங்க வைக்கிறது?"

...

ஐஸ் பெட்டி வாங்கியவன் ஐஸுக்கு இடம் விடவில்லை. வாசகர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள். போத்தலுக்கு எவ்வளவு இடமோ, அவ்வளவு இடம் ஐஸுக்கும் வேண்டும். நான் வாசித்தவற்றில் எல்லாம் இது எழுதியிருந்தது. வாசிக்கவும் செய்தேன்.

மூன்றாம் தடவை புவனாவும் கூட வந்தாள். அதனால் முடிவு சீக்கிரம் வந்தது. கடையிலேயே பெரிய பெட்டியைக் கைநீட்டிக் காட்டினாள். நீல நிறம், வெள்ளை மூடி, இரண்டு பக்கமும் கைப்பிடி.

"புவனா, இதுல சந்திரனையே படுக்க வைக்கலாம்!"

"வைங்க. ஐஸ்ல வச்சா இருக்கிற முடியாவது கொட்டாம நிக்கும்."

"இதத் தூக்கிட்டுப் போனா தற்செயலா வந்த மாதிரியா இருக்கும்? மீன் விக்க வந்த மாதிரி இருக்கும்."

"தாகத்தோட அனுப்பினவங்க திரும்பி வந்தாங்களா? வரல்ல. இந்தத் தடவ குடிச்சுட்டுப் போகட்டும்."

நானா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புவனாவிடம் பெட்டியைத் தள்ளினார். வியாபாரி. எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேராதனைப் பூங்கா. குண்டசாலையிலிருந்து ஆட்டோவில் போனோம். முதலில் பெட்டி ஏறி வசதியாக உட்கார்ந்தது. மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் மூன்று பேரும் தொற்றிக்கொண்டோம்.

வாசலில் காவலுக்கு நின்றவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். சாராயம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிற கடமை. கிறீம் சோடாவைக் கண்டு ஏமாந்துபோய், "பார்ட்டி எகக்த மஹத்தயா?" என்று கேட்டார். பார்ட்டி எல்லாம் இல்லை, நாங்கள் மூன்று பேர்தான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் பெட்டியைப் பார்த்தார். எங்கள் மூவரையும் பார்த்தார். மூடினார்.

அந்நியருக்கே இப்படித் தெரிகிறது என்றால் சம்பந்தி வீட்டாருக்கு? எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அப்போதுதான் அந்த அபாரமான யோசனை வந்தது.

"சந்திரா, நானும் அக்காவும் முன்னால போறோம். நீ பெட்டியத் தூக்கிட்டுக் கொஞ்சம் பின்னால வா. எங்களோட வந்தவன் மாதிரி வராதே. யாரோ மாதிரி வா. பேச்சு நல்லாப் போனா நான் கையக் காட்டுறேன். அப்ப வந்து சேர்ந்துக்க."

"நான் மாப்பிள்ளை அத்தான்."

"தெரியும்டா. கொஞ்ச நேரத்துக்கு யாரோவா இரு."

வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தான். பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, முதுகை வளைத்து, அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் நடந்து வந்தான்.

பேசி வைத்த மரத்தடியில் அவர்கள் நின்றார்கள். கோமதி, அவளுடைய அப்பா நடேசன், அம்மா. சித்தப்பா ஒருவரும் வருவதாக இருந்ததாம், வரவில்லை. நடேசன் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தார்.

"அட, நீங்களா!"

"அட, நீங்களா!" என்றேன் நானும்.

அதற்கு முன் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்பது இருவருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"நாங்க சும்மா மரம் பார்க்கலாம்னு வந்தோம்," என்றார்.

"நாங்களும் மரம் பார்க்கத்தான்."

மரத்தைப் பார்த்தோம். நன்றாகப் பார்த்தோம். வேறு என்ன செய்வது? அவர் தோளில் ஒரு சின்னப் பை தொங்கியது. உள்ளே வெள்ளித் தாள் ஒட்டிய, ஐஸ் வைக்கிற பை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. ஆக, அந்த வீட்டிலும் அளவைப் பற்றிய விவாதம் நடந்திருக்கிறது!

"தம்பி வரலையா?" என்று கோமதியின் அம்மா கேட்டார்.

"வேற ஒரு வேலையா இந்தப் பக்கம்தான் வந்திருக்கார்..." என்று இழுத்தேன். "தற்செயலா இப்ப வந்தாலும் வரலாம்..."

நடேசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நல்ல வெயில். அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் பின்னால் போனது. முகம் மலர்ந்தது. கையைத் தட்டினார்.

"தம்பி! இங்க வாங்க! சோடா என்ன வெல?"

நான் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. புவனா என் கையைக் கிள்ளினாள். அந்த அடையாளம் இன்னும் இருக்கிறது.

சந்திரன் மெல்ல நடந்து வந்தான். பெட்டியை அவர் காலடியில் வைத்தான். தொப்பியைக் கழற்றினான். அவர்களுக்கு அனுப்பிய படத்தில் இருந்த முடி இல்லாத அந்தத் தலை, வெயிலில் பளபளத்தது.

"விக்கிறதுக்கு இல்லைங்க ஐயா. உங்களுக்குத்தான் கொண்டு வந்தோம். நான்தான் மாப்பிள்ளை."

நடேசனின் வாய் திறந்தபடி நின்றது. தட்டிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். முடிந்தது, மூன்றாவதும் போயிற்று என்று நினைத்தேன். இந்தப் பையன் இனி கொம்பியூட்டரோடுதான்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கோமதி. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தப் பார்த்தாள், முடியவில்லை. அடக்கி அடக்கிக் கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா... வேன்ல வரும்போது எத்தன தடவ 'அட, நீங்களா' சொல்லிப் பார்த்தீங்க! கடைசில மாப்பிள்ளைகிட்டப் போய் வெல கேட்டுட்டீங்களே!"

"எனக்கு எப்பிடித் தெரியும்? தொப்பி போட்டிருந்தார்..." நடேசனின் குரல் எங்கோ பாதாளத்திலிருந்து வந்தது.

"அதுக்கு ஏன் கை தட்டினீங்க?" என்றார் அவர் மனைவி.

இதோ பாருங்கள், சற்று முன்வரை குற்றவாளிகள் நாங்கள். இப்போது அவர்களும் எங்கள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள். இரண்டு குடும்பமும் சரிசமமாக அவமானப்பட்டபின் ஒரு நிம்மதி வருகிறதே... அது தனி சுகம்.

சந்திரன் பெட்டியைத் திறக்கக் குனிந்தான். கோமதி தடுத்தாள்.

"இங்க வெயில் வந்திருச்சு. தொறந்தா ஐஸ் உருகிடும். நெழலாப் பார்த்துக் கொண்டு போய் வைப்போம். நீங்க அந்தக் கைப்பிடியப் புடிங்க."

இந்தக் கைப்பிடியை அவள் பிடித்தாள்.

இருவரும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நடேசனுக்கு முழங்கால் வலி. ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் உட்கார்ந்தோம். நிழல் கிடைத்ததும் கூப்பிடுவார்கள் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமையில் பேராதனைப் பூங்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே நிழல் சும்மா கிடைக்காது. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குடை விரிந்திருக்கும். குடைக்குப் பின்னால் நான்கு கால்கள் தெரியும். நம் ஆட்கள் ஒரு மரத்தருகே போனார்கள். குடை. அடுத்த மரம். அங்கேயும் குடை. பெட்டியை இறக்கி, மூச்சு வாங்கி, ஏதோ பேசினார்கள். மறுபடி தூக்கினார்கள். போகப் போக, தூக்கும் நேரம் குறைந்தது. இறக்கி வைத்துப் பேசும் நேரம் கூடியது. நீலப் பெட்டி சிறுத்துச் சிறுத்து, பனைமர வரிசைக்குள் போய் ஒரு புள்ளியாகிவிட்டது.

அந்தப் புள்ளிக்குள்தான் எங்கள் சோடா முழுவதும் இருந்தது.

தாகம் என்றால் அப்படியொரு தாகம். நடேசன் தன் சின்னப் பையைத் திறந்தார். உள்ளே இரண்டு யோகட். கரண்டி இல்லை. அதைப் பெண்கள் இருவரும் மூடியை மடித்துக் கரண்டியாக்கிச் சாப்பிட்டார்கள். ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்த மரம் எந்த வருஷம் நட்டது?" என்று பேச்சுக்குக் கேட்டார் நடேசன்.

வருஷம் என்றால் தூக்கத்திலும் எழுந்து பதில் சொல்கிறவன் நான். அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையை மட்டும் ஆட்டினேன். "ரொம்பப் பழசு" என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

"ஒரு குரல் குடுத்துக் கூப்பிடவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பேசாம இருங்க!"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதுவரை அறிமுகமே இல்லாதவர்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே சம்பந்திகள் ஆகிவிட்டார்கள்.

ஒரு வழியாகப் பெட்டி திரும்பி வந்தது. நிழல் கடைசிவரை கிடைக்கவில்லையாம். இருவர் முகத்திலும் அதற்கான வருத்தம் கொஞ்சமும் இல்லை. மூடியைத் திறந்தால் ஐஸ் முழுவதும் தண்ணீர். போத்தல்கள் அதில் மிதந்தன. ஒன்று வெற்றுப் போத்தல்! சந்திரன் முதல் கோப்பையை இரண்டு கையாலும் நடேசனிடம் நீட்டினான்.

"குடிங்க ஐயா. வெல ஒண்ணும் இல்ல."

நடேசன் ஒரு மிடறு குடித்தார். அப்புறம்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதிச் சோடா மூக்கு வழியாகப் போயிற்று. நானும் குடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சூடான கிறீம் சோடாவை நான் குடித்ததில்லை.

திரும்பி வரும்போது, "அவ்வளவு நேரம் என்னடா பேசினீங்க?" என்று ஆட்டோவில் புவனா துருவித் துருவிக் கேட்டாள்.

"பெட்டி பாரம்னு பேசினோம்," என்றான் சந்திரன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் தரகர் பேசுவார் என்று காத்திருந்தோம். போனில் பேசியது நடேசன். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று எதுவும் சொல்லவில்லை. சுகம் விசாரித்தார். தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பெட்டி இருக்கே... எங்க பக்கம் சொந்தக்காரங்க கொஞ்சம் கூட. நிச்சயதார்த்தத்துக்கு அது காணுமா? இல்ல, அந்தக் கடையில அதவிடப் பெரிசு இருக்குமா?"

நான் நாலாவது தடவையாக நானா கடைக்குப் போக வேண்டும்.

ஐஸ் பெட்டி எந்த அளவில் வாங்குவது என்று இனி யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்க வேண்டும். தனியாகத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் கலியாணத்துக்கு ஆள் இல்லையா? அப்படியென்றால் சின்னதே போதும்.